இருட்டிய பிறகு சமைப்பவள்

பல்பு வாங்க வருகிறவர்கள் ஒன்று கேட்பார்கள். அதையும் கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்வார்கள். உனைசி வந்து மூன்று கேட்டாள். மூன்றும் கரண்ட் போனாலும் எரிகிற சார்ஜ் பல்பாக இருக்க வேண்டுமாம், மூன்றும் ஒரே வெள்ளையாக இருக்க வேண்டுமாம். கரும்பு வெட்டுக் காலம். எந்தத் தோட்டத்திலோ நெருப்பு வைத்திருந்தார்கள். கரிச்சருகு பறந்து வந்து என் அரிசி மூட்டைகள் மேலெல்லாம் உட்கார்ந்திருந்தது. நான் துடைப்பத்தோடு அதனுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் வந்து இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

“மூணு பல்பா? வீட்டுல இருக்குறது நீ ஒருத்தி. யாருக்குக் கல்யாணம்?”

“சமைக்கிறதுக்கு, அக்கா.”

“பல்ப வெச்சா சமைப்பாங்க? பருப்பு வேணும்னா சொல்லு, தர்றேன்.”

“சிரிக்காதீங்க. என் வீடியோ பாக்குறவங்க எல்லாம் திட்டுறாங்க. சட்டியில இருக்குறது கீரையா, ஆத்துச் சேறான்னு தெரியலையாம். ஒருத்தன் எழுதுறான், ‘பேய் சமைக்குதா, கை மட்டும் வந்து வந்து போகுது’ன்னு.”

“அவன் சொன்னதுல என்ன தப்பு? நானும்தான் பாத்தேன். அன்னிக்கு நீ போட்டது மீனா மரவள்ளியான்னு கடைசி வரைக்கும் எனக்குப் புரியல.”

“அதுக்குத்தான் பல்பு கேக்குறேன்.”

“பகல்ல செய்யேன்டி. சூரியன் சும்மாதான எரியுது?”

“பகல்ல எனக்குத் தோட்டத்துல வேல.”

பொய். அவள் தோட்டம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாதா? நாலு வரிசை சேம்பு, ஒரு எலுமிச்சை. அதற்கு மேல் நான் தோண்டவில்லை. பல்பை எடுத்துக் கொடுத்தேன்.

என் கடையைத் தாண்டி ஆற்றுக்கு இறங்குகிற பாதையில் அவளுடைய தகர வீடு இருக்கிறது. கிழக்கே ஒரு தீவில் பிறந்து, லம்பாசாவை அடுத்த இந்த நசேவா ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிள்ளை தங்கவில்லை. புருஷன் இலியேசா ஆஸ்திரேலியாவில் ஆட்டிறைச்சி ஆலைக்கு வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகப்போகிறது. போன புதிதில் தினம் பேசுவான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து பேசினான். அப்புறம் அதுவும் இல்லை. இந்த வெட்டு முடிகிறபோது அவன் ஒப்பந்தமும் முடிகிறது. திரும்பி வருவானா, இன்னொரு தடவை கையெழுத்துப் போட்டு அங்கேயே இருந்துவிடுவானா என்பதைத் தவிர உனைசிக்கு உலகத்தில் வேறு கேள்வி கிடையாது. கேட்டால் “பாப்போம்” என்று ஒரு வார்த்தை எழுதுவான். அவ்வளவுதான்.

வீடியோ போட ஆரம்பித்ததே அவனுக்காகத்தான். ஊர் உலகத்துக்கு என்று சொல்லிக்கொள்வாள். அங்கே அவன் வேலை முடித்துக் குளித்து உட்காருகிற நேரத்துக்கு இங்கே இவள் அடுப்பைப் பற்ற வைப்பாள். போனை நேரலையில் போட்டுவிட்டு அவனுக்குப் பிடித்ததாகச் சமைப்பாள். அங்கே வெயில் தாழ்கிறபோது இங்கே இருட்டிவிடும். அதுதான் விஷயம், தோட்டமாவது மண்ணாவது. முன்பெல்லாம் வீடியோவின் கீழே அவன் பெயரில் ஒரு சிவப்பு இதயம் விழும். விழுந்த மறுநாள் கடைக்கு வந்து சர்க்கரை வாங்குவாள். விழாவிட்டால் கடைப்பக்கமே வரமாட்டாள். இந்த வருஷம் மழை விட்டதிலிருந்து அவள் சர்க்கரையே வாங்கவில்லை.

“இருட்டா இருந்தா யாரு பாப்பாங்க? அவனும் மனுஷன்தான” என்றாள், காசை வைத்துவிட்டுப் போகும்போது. வெளிச்சம் வந்தால் அவன் பார்ப்பான், பார்த்தால் வருவான். இப்படி ஒரு கணக்கு.

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு எட்டிப் பார்க்கப் போனேன். எனக்கு வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்? மகன்கள் இரண்டு பேரும் ஆக்லாந்தில். அவர்கள் அப்பா போய்ச் சேர்ந்தாயிற்று.

முதல் நாள் கூத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு பல்பை உத்தரத்தில் நடுவாகக் கட்டியிருந்தாள். குனிந்து கிண்டினால் அவள் தலை நிழல் சட்டிக்குள் விழுந்தது. நகர்ந்தால் நிழலும் கூடவே நகர்ந்தது. சரி என்று இரண்டாவது பல்பை எதிர்ச் சுவரில் மாட்டினாள். ஏற்கெனவே வீட்டில் எரிகிற மஞ்சள் பல்பை யாரும் அணைக்கவில்லை. போனில் பார்த்தால் பாதிச் சட்டிக்குக் காமாலை, பாதிச் சட்டிக்குக் குளிர் ஜுரம்.

“அந்த மஞ்சள அணைச்சுத் தொலடி.”

அணைத்தாள். இப்போது அலுமினியச் சட்டி பளபளவென்று அடித்தது. அவள் நெற்றியும் சேர்ந்து அடித்தது.

“முன்னாலருந்து நேரா அடிச்சா இப்படித்தான். பொணத்துக்கு வெளிச்சம் போட்ட மாதிரி இருக்கு. கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளு.”

“எங்க மாட்டுறது? அங்க சுவரே இல்லையே.”

அதற்குத்தான் பழைய பெயின்ட் டப்பா. ஆற்று மணலை நிரப்பி, துடைப்பக் கட்டையை நடுவில் குத்தி, உச்சியில் பல்பைக் கட்டினோம். ரொட்டி சுடும்போது தட்டில் விரிக்கிற பட்டர் பேப்பரை நான் கடையிலிருந்து எடுத்து வந்தேன். அதைப் பல்புக்கு முன்னால் திரையாகத் தொங்கவிட்டதும் வெளிச்சம் சட்டென்று சாந்தமாகிவிட்டது. மறுபக்கம் கறுப்பாகக் கிடந்தது. மீன் பெட்டியின் தெர்மகோல் மூடியை அங்கே சாய்த்து வைத்தாள். பல்பு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி இருட்டை நிரப்பியது. சட்டியை மாற்றி, அடுப்புக்கரி ஏறிய பழைய இரும்புச் சட்டியை வைத்தோம், கண் கூசவில்லை. கடைசிப் பல்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் அதைச் சட்டிக்குப் பின்னால் ஜன்னல் கட்டையில் சும்மா வைத்தாள். அப்போதுதான் அது நடந்தது. தேங்காய்ப்பால் கொதித்து எழுந்த ஆவி, பின்னாலிருந்து வெளிச்சம் பட்டு, வெள்ளையாகச் சுருண்டு சுருண்டு மேலே போனது. போனில் அப்படியே தெரிந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அக்கா, இத்தன நாளும் இது இப்படித்தான் போயிட்டிருந்துச்சா?”

“ஆமாடி. யாரு பாத்தா?”

அவ்வளவு பாடுபட்டு அமைத்த வெளிச்சம் ஒரு வாரம் நின்றதா? நிற்காது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஊரில் கெரேகெரே என்று ஒரு வார்த்தை இருக்கிறது. தயவு பண்ணு என்று அர்த்தம். ஆனால் அந்தத் தயவைப் பண்ணாமல் இருக்க முடியாது. கேட்டாயிற்றென்றால் கொடுத்தாயிற்று. மறுத்தால் ஊரில் முகம் காட்ட முடியாது. முதலில் வந்தவன் செமேசா. இலியேசாவின் அக்காள் மகன், மூன்று பிள்ளை பெற்ற தடியன். மாமன் வீட்டுச் சாமானுக்கு மருமகன் கேட்கக்கூட வேண்டியதில்லை. இவன் கேட்டதே பெரிய மரியாதை.

“அத்தை, நண்டுக்குப் போறேன். அந்த வெள்ள பல்பு ஒண்ணு, கெரேகெரே.”

ஒன்று நண்டுக்குப் போயிற்று. பெரிய வீட்டில் சாவு. பந்தலுக்கு ஒன்று போயிற்று. கோயில் பாட்டுக்காரர்கள் கரண்ட் இல்லை என்று மூன்றாவதை வாங்கிக்கொண்டு போனார்கள். நான் போய்ப் பார்த்தபோது பெயின்ட் டப்பாவில் மொட்டைக் கட்டை நிற்கிறது. இவள் இருட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

“இல்லன்னு ஒரு வார்த்த சொல்லத் தெரியாதா உனக்கு?”

“கேட்டப்புறம் எப்படிக்கா இல்லங்கிறது?”

“வாயத் தொறந்து சொல்றது! என் கடைக்கு வந்து கேட்டுப் பாக்கட்டுமே.”

“உங்க வாய்க்கு அது வரும். எங்க வாய்க்கு வராது.”

அதில் உண்மை இருந்தது. கடைச் சாமானுக்குக் கெரேகெரே கிடையாது. கப்பலேறி வந்த எங்கள் ஜனம் இந்த மண்ணில் கடை வைத்தபோது முதலில் போட்ட கோடு அதுதான், இல்லாவிட்டால் ஒரு கடை நிற்குமா? அதையே வழியாக்கினேன். பல்புகள் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி வரச் சொல்லி, “இது அங்கம்மா கடைப் பல்பு, சாயங்காலம் மட்டும் இங்கே எரியும்” என்று ஊரறியச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் பொழுது சாய்ந்ததும் கூடையில் மூன்று பல்பைப் போட்டுக்கொண்டு ஆற்றுப் பாதையில் இறங்குவேன். முடிந்ததும் தூக்கிக்கொண்டு ஏறுவேன். என் முழங்கால் என்னைச் சபித்தது.

செமேசா வேலி ஓரம் உட்கார்ந்து கேலி பண்ணுவான். “என்ன ஆச்சி, சூரியனக் கூடையில போட்டுத் தூக்கிட்டுப் போறீங்களா?”

“ஆமாடா மகராசா. உனக்கும் வேணும்னா கடைக்கு வந்து காச வெச்சுட்டு எடுத்துட்டுப் போ.”

“காச வெச்சா நான் எதுக்கு உங்ககிட்ட பேசுறேன்?”

சிரிப்பேன். உள்ளுக்குள் அந்த நடை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. விளக்கு வைக்கிற நேரம் ஒண்டியாக இருக்கிறவர்களுக்குப் பொல்லாத நேரம். டிவியைப் போட்டால் யாரோ பேசுவார்கள், நம்மிடம் பேசமாட்டார்கள். இங்கே வந்தால் முக்காலியில் உட்கார்ந்து, தெர்மகோல் மூடி சரியாமல் பிடித்துக்கொண்டு, அவள் சமைப்பதைப் பார்க்கலாம். ஆற்று மட்டியைத் தேங்காய்ப்பாலில் போட்டுக் கொதிக்கவைப்பாள். சேப்பங்கீரை கடைவாள். மரவள்ளியைத் துருவி வாழை இலையில் மடிப்பாள். போனைப் பார்த்து “அண்ணன் தம்பிங்களே, பசிக்குதா?” என்பாள். பார்க்கிறவர்கள் பெயர் ஒவ்வொன்றாகப் போனில் ஏறும். பழத்தோட்டத்தில் இருப்பவன், ஆடு உரிக்கிறவன், கப்பலில் போகிறவன் என்று எங்கெங்கேயோ இருந்து வருவார்கள். “அக்கா, மணம் இங்க வருது” என்று எழுதுவார்கள். இவள் கரண்டியைச் சுழற்றிக்கொண்டே அந்தப் பெயர்களுக்குள் ஒரே ஒரு பெயரைத் தேடுவாள். எனக்கு அவள் கண் போகிற இடம் தெரியும். முடிந்த பிறகு சட்டியைத் தூக்கி இரண்டு மூன்று வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். தான் தேத்தண்ணியும் மரவள்ளியும் சாப்பிடுவாள்.

“நீ திங்காம யாருக்குடி சமைக்கிற?”

“சமைச்சாலே வயிறு நெறஞ்சிடுதுக்கா.”

பொய் சொல்லத் தெரியாதவள் சொல்கிற பொய் அது.

ஒரு நாள் கடை திறக்கும்போதே வாசலில் நிற்கிறாள். சர்க்கரை வேண்டுமாம். அவளே போனை நீட்டினாள். சிவப்பு இதயம்.

“சொன்னேன்ல அக்கா? இருட்டுதான். வேற ஒண்ணும் இல்ல.”

அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்து, நல்ல மழை, குடைகூட இல்லாமல் ஓடி வந்தாள். சேறு முழங்கால் வரை. “அவன் எழுதிட்டான்க்கா! எழுதிட்டான்!”

வாங்கிப் பார்த்தேன். இலியேசா பெயருக்குக் கீழே இரண்டே வார்த்தை. பாலுசாமி போடு.

பாலுசாமி என்றால் என் தாய்மாமன் பெயர் மாதிரி இருக்கிறது என்று நான் அந்தக் காலத்திலிருந்து கேலி செய்வேன். சேப்பிலையை அடுக்கி, குழி பண்ணி, கெட்டித் தேங்காய்ப்பால், வெங்காயம், டின் மாட்டிறைச்சி எல்லாம் வைத்து மூட்டை கட்டி வேகவைப்பது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. வீட்டு ஆட்கள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து தின்பது.

“தனியா இருக்குறவன் யாராவது பாலுசாமி கேப்பானா? வீட்டு நெனப்பு வந்துடுச்சு அவனுக்கு. வரப்போறான்.”

“கேட்டது சாப்பாடுதானடி. டிக்கெட் இல்லையே.”

“உங்க வாயிலருந்து நல்ல வார்த்தையே வராதா?”

வரவில்லைதான். ஆனால் அவள் சந்தோஷம் என்னையும் தொற்றிக்கொண்டது, மறைப்பானேன்? அந்த வாரம் முழுக்க அவள் சும்மா இல்லை. அடுப்படிச் சுவருக்கு வெள்ளையடித்தாள். அவனுடைய பாயை ஆற்றில் அலசிக் காயப்போட்டாள். செமேசாவிடம் சொல்லித் தகரத்தின் ஓட்டையை அடைக்கச் செய்தாள். இந்தத் தடவை கெரேகெரே அவளுடையது, அவன் முணுமுணுத்துக்கொண்டே ஏணி ஏறினான்.

சனிக்கிழமை சாயங்காலம் பாலுசாமி. வெள்ளைச் சுவரால் வெளிச்சம் இரண்டு மடங்காயிற்று. எங்கோ கரும்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு கரிச்சருகு மிதந்து வந்து நேராகத் தேங்காய்ப்பாலில் விழுந்தது. அவள் அதை நகத்தால் எடுத்துப் போட்டுவிட்டுப் போனைப் பார்த்து, “இது நம்ம ஊரு மொளகு” என்றாள். போனில் சிரிப்பு முகங்களாக வந்து விழுந்தது. இலையின் காம்பைக் கிள்ளுவதிலிருந்து மூட்டை கட்டுவது வரை ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிதானம். இலியேசாவின் பெயர் முதலில் ஏறியது. கடைசி வரை இறங்கவே இல்லை. பிரித்து வைத்தபோது எழுந்த ஆவியைப் பார்த்து எனக்கே நாக்கு ஊறியது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். போனை அரிசி மூட்டை மேல் வைத்தாள்.

“படிங்க.”

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டேன். லவேனியா என்று ஒரு பெண் எழுதியிருந்தாள்.

‘அக்கா, உங்க பாலுசாமிய பாத்து நானும் செஞ்சேன். எங்க வீட்டு ஆளுக்குத் தொண்ட அரிக்குதாம். அவரும் உங்க ஊர்ப்பக்கம்தான், லம்பாசாக்காரரு. உங்க வீடியோவ ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்துதான் பாப்போம். முன்னெல்லாம் ஒண்ணும் தெரியாது, இப்ப வெளிச்சம் வந்தப்புறம் எல்லாம் நல்லாத் தெரியுது. எனக்காகத்தான் பாலுசாமி போடச் சொல்லி எழுதினாரு. அரிக்காம எப்படிச் செய்யறது? கெரேகெரே, அக்கா.’

பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு படம். கோயிலுக்குப் போகிற உடுப்பில் ஒரு சின்னப் பெண். அவள் தோளில் கை போட்டபடி ஒருவன்.

“அவன்தானக்கா அது?”

நான் போனைக் கிட்டே பிடித்தேன், தூரப் பிடித்தேன். வேறு யாராவதாக இருந்துவிடக் கூடாதா?

“அவன்தான்.”

கடைக்கு எதிரே கரும்பு ரயில் போனது. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போய்த் தீர்கிற வரை இரண்டு பேரும் அதையே பார்த்தோம். அதற்குள் எனக்கு நெஞ்சு கொதித்துவிட்டது.

“அரிக்கட்டும்! நல்லா அரிக்கட்டும்! பாதி வேக்காட்டுல எறக்கச் சொல்லு அவள. முத்தின எலையாப் பறிச்சுப் போடச் சொல்லு. தொண்ட வீங்கி ஒரு வாரம் கஞ்சி குடிக்கட்டும் அந்த நாய்!”

உனைசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஒரு வாரமா, அக்கா?” என்றாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். அப்படியே மூட்டை மேல் சரிந்து, முந்தானை மாதிரி சட்டை நுனியை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதாள். நான் கடைக்கதவைப் பாதி சாத்தினேன். முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நின்றேன். எனக்கும் கண்ணில் தண்ணீர். அவன் அங்கே தனியாகப் பசியோடு பார்க்கிறான் என்று அவள் சமைத்தாளே, நான் மூடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேனே. கடைசியில் அவன் குடித்தனத்துக்கு அல்லவா வெளிச்சம் பிடித்திருக்கிறோம்!

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்தாள். அப்புறம் போனை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

“என்னடி எழுதுற? நல்லாத் திட்டு. எனக்கும் ரெண்டு எடம் விடு.”

அவள் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். “எளசான எலையாப் பாத்துப் பறி... காம்பையும் நுனியையும் கிள்ளிடு... பால் தண்ணியா இருந்தா அரிக்கும், கெட்டியா எடு... எண்ண பிரியுற வரைக்கும் மூடியத் தொறக்காத... அவசரப்பட்டு ருசி பாக்காத.”

“பைத்தியமா உனக்கு?”

“கேட்டுட்டாளே, அக்கா.”

“அவ கேட்டா? புருஷனையும் கெரேகெரேன்னுதான் எடுத்துட்டுப் போனாளா?”

“அது அவ கேட்டு எடுக்கல. அவனாப் போனது.” எழுதி முடித்து அனுப்பினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். “குடுத்தாச்சு. இப்ப என் மொற.”

மறுபடி எழுதினாள். இந்தத் தடவை வாய்விட்டுச் சொல்லவில்லை. அனுப்பிய பிறகுதான் எனக்குக் காட்டினாள்.

‘நான் உனைசி. இலியேசா பொண்டாட்டி. நீ கேட்டத நான் மறைக்காம குடுத்துட்டேன். இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். அவன் போன்ல எனக்கு எதுக்க வந்து ஒக்காந்து, ஊருக்கு வர்றானா இல்லையான்னு அவன் வாயால சொல்லட்டும். கெரேகெரே, தங்கச்சி.’

“ஆளையே திருப்பிக் கேக்குறதுதான?”

“சாமானத்தான் கேக்கலாம். ஆளக் கேக்க முடியாதுக்கா.”

அந்த லவேனியாவும் நம் தீவுக்காரிதானே, இப்படிக் கேட்டதற்கு இல்லை என்று சொல்ல அவளுக்கும் வாய் வராது. பொழுது சாய்வதற்குள் பதில் வந்தது. ‘எனக்கு நெஜமா தெரியாது அக்கா. உங்கள அவரு தம்பி பொண்டாட்டின்னு சொன்னாரு. நாளைக்கு ஒக்கார வெக்கிறேன்.’

மறுநாள் நான் கூடையோடு இறங்கியபோது செமேசா வேலியில் இருந்தான். கேலி எதுவும் பண்ணவில்லை. ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். “நான் வாங்கிக்கிறேன், ஆச்சி” என்று கூடையை வாங்கிக்கொண்டு வாசல் வரை வந்து வைத்துவிட்டுப் போனான்.

உனைசி குளித்து, எண்ணெய் தடவி, நீலப்பூப் போட்ட உடுப்பில் இருந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. அடுப்பு இல்லாமல் அந்த இடத்தை நான் பார்த்ததே கிடையாது. இழவு வீடு மாதிரி இருந்தது. நாற்காலியைச் சுவரோரம் போட்டு, “இன்னிக்கு வெளிச்சம் எனக்கு” என்றாள். பெயின்ட் டப்பாவை இழுத்து வைத்தேன். பட்டர் பேப்பர் கிழிந்திருந்தது, புதிதாகத் தொங்கவிட்டேன். மறுபக்கம் மூடியைச் சாய்த்தேன். போனில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணுக்குக் கீழே விழுந்த நிழல் போகிற வரை பல்பைத் தாழ்த்தினேன். இவ்வளவு லட்சணமாக இருப்பவள் இத்தனை நாள் கையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தாளே என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

போன் அடித்தது.

அவன் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். பருத்துவிட்டான். தலையைக் குனிந்துகொண்டிருந்ததால் உச்சி மயிர்தான் தெரிந்தது, பாதி நரை.

“எப்படி இருக்க?” என்றான், மேஜையைப் பார்த்து.

“இருக்கேன். நீ?”

“இருக்கேன்.” கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் அவள் முகத்தைவிட்டுச் சட்டென்று பின்னால் பார்வையை மாற்றினான். “சுவருக்கு வெள்ளையடிச்சிருக்க.”

“நீ வருவேன்னு அடிச்சேன்.”

அங்கே ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம். அவன் விரலால் மேஜையைச் சுரண்டினான். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது. மூடி சரிந்துவிடும் என்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“அம்மா எப்படி... செமேசா எல்லாம்...” என்று ஆரம்பித்தான்.

படத்தில் தெரியாத ஒரு பெண் குரல், மெதுவாக, ஆனால் எங்களுக்கும் கேட்கிற மாதிரி, “அவங்க கேட்டத சொல்லுங்க” என்றது.

“நான் வரல, உனா.”

அவள் தலையை ஆட்டினாள். கடைக்கு வந்து கணக்குத் தெரிந்துகொண்ட மாதிரி.

“எப்ப முடிவு பண்ண?”

“என்னது?”

“வர்றதில்லன்னு. எப்பருந்து?”

“அது... நான் இங்க வந்த மறு வருஷம். அந்தக் கிறிஸ்துமஸ் அப்ப.”

அந்தக் கிறிஸ்துமஸ் முடிந்துதான் இவள் வீடியோ போட ஆரம்பித்தாள். அவனுக்கு அது தெரியுமோ தெரியாதோ. எனக்குத் தெரியும். நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அழவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்து, போனுக்கு நேராகக் கொஞ்சம் குனிந்தாள்.

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல, இலியேசா? நான் பகல்லயே சமைச்சிருப்பேனே.”